பன்னிரண்டு வருஷப் பேரம்

"பன்னிரண்டு வருஷம்னு இப்பவே எப்படிக்கா சொல்றது? எனக்குப் பதினாறு வயசுதான் ஆகுது" என்றாள் தெய்வானை.

வைத்தியர் சொர்ணம் சூரணம் சலிப்பதை நிறுத்தவில்லை.

அந்த மலையடிவார வைத்தியசாலையில் படிக்கச் சேர்கிறவர்கள், மருந்து அரைக்கும் கல்வத்தின் மேல் கை வைத்துப் பன்னிரண்டு வருஷம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். இன்று மாலைக்குள். விட்டால் அடுத்த சேர்க்கைக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

"பாதியில பிடிக்காமப் போயிட்டா?"

"எத்தனை வருஷம்னா உனக்குச் சரி?"

"ஆறு."

"அதிகம்."

தெய்வானை திகைத்தாள். பாதிக்குக் கேட்டும் அதிகம் என்கிற ஆளை அவள் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

"அப்போ ஒரு வருஷம்."

"தாங்கமாட்டே. இறங்கு."

"ஒரு மாசம்."

"இறங்குடி."

"ஒரு நாள். இதுக்குக் கீழே போனா ரெண்டு பேருக்கும் கேவலம்."

"எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. இறங்கு."

அப்போது பெரிய மீசைக்காரர் ஒருவர் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தையின் வலது மூக்கில் ஒரு மொச்சை.

"இந்த ஒரு ஆள் வரைக்கும்" என்றார் சொர்ணம். "பேரம் முடிஞ்சது. வா."

தெய்வானை விரலை மூக்குக்குள் விடப் போனாள். மணிக்கட்டில் அடி விழுந்தது.

"உள்ளே தள்ளவா பாக்குற? மொச்சை இல்லாத பக்கத்து மூக்கை அடை. அப்பா வாயோட வாய் வச்சு, புஸ்ஸுனு ஒரு ஊது ஊதட்டும்."

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது. "மீசை குத்தும்" என்றது, பல்லைக் கடித்தபடியே.

தெய்வானை ஒரு கையால் மூக்கின் இடப்பக்கத்தை அடைத்தாள். மறு கையால் அப்பாவின் மீசையை மேலே தூக்கிப் பிடித்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் திறந்தது.

"ஊதுங்கண்ணே."

மொச்சை பறந்துபோய் வைத்தியரின் நெற்றியில் ஒட்டியது.

"இன்னொரு தடவை" என்றது குழந்தை. மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சொர்ணம் தெய்வானையைப் பார்த்தார். "பேசினது முடிஞ்சது. நீ கிளம்பலாம்."

தெய்வானைக்கு அது காதில் விழவில்லை. கையைக் கழுவிக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஒருத்தர் நொண்டிக்கிட்டு வர்றார். நீங்க நெத்தியைத் துடைங்க. நான் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்துடறேன்."