செங்கோடன் தள்ளிய ஓடுகள்

"சங்கத்துல ஏழு பேருங்கம்மா. அதுல ஒருத்தன் காட்டிக்குடுக்கறவன். எவன்னு மட்டும் சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிக்கறேன்."

செங்கோடன் நின்றபடியே கேட்டான். முன்பின் தெரியாத இடத்தில் உட்கார்ந்து பேசும் பழக்கம் அவனுக்கு இல்லை.

வேலாத்தாள் சொம்பில் மோர் மொண்டு நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்க" என்றான் செங்கோடன்.

அவர் குடித்தார். மறுபடி மொண்டு நீட்டினார். அதன் பிறகே அவன் வாங்கினான்.

அவனுக்கு அறுபத்துநாலு வயது. அவருக்கு நாற்பது இருக்கலாம். மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதை அவன் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் வந்தான்.

"சங்கத்துல மொத்தம் ஏழு பேருதானுங்களா?"

"முந்நூறு பேரு இருந்தாங்க."

"மத்தவங்க?"

"தள்ளிட்டேன்."

"அத்தன பேருமா காட்டிக்குடுத்தாங்க?"

"குடுத்தவன் ஒருத்தன். பன்னண்டு வருசமாச்சு. ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாளு, நோட்டீஸ் ஒளிச்சு வெச்ச வீட்டு வாசல்ல நேரா வந்து நின்னுச்சு போலீசு. நாலு பேரு உள்ள போனாங்க. அதுல ஒருத்தன் இன்னிக்கு வரைக்கும் நொண்டறான். எவன் சொன்னான்னு தெரியல. அதனால ஒவ்வொருத்தனாத் தட்டிப் பாத்தேன்."

தட்டிப் பார்ப்பது அவன் தொழில். ஓட்டுக் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் ஓட்டை விரல் முட்டியால் தட்டுவான். கணீரென்றால் லாரிக்கு. சத்தம் செத்திருந்தால் குப்பைமேட்டுக்கு. முப்பத்தொரு வருடம் அந்த விரல் பொய் சொன்னதில்லை.

மனிதர்களைத் தட்டுவதற்கு அவர்கள் வீட்டுக் கூரையைப் பார்ப்பான். ஓலை வேய்ந்தவன் ஒரு தீக்குச்சிக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவான். தகரம் போட்டவன் காற்றுக்குத் தகுந்தபடி சத்தம் போடுவான். ஆஸ்பெஸ்டாஸ் போட்டவன் பாதி ஏணி ஏறிவிட்டான், மீதி ஏற எவன் காலையும் பிடிப்பான். தார்சு போட்டவனைப் பற்றிப் பேசவே வேண்டாம். தட்டையாகக் கம்பியும் சிமெண்டும் போட்டுக் கொடுத்தது யார்? கம்பெனியில் சுடும் சீமை ஓடு போட்டவர்களை மட்டும் கொஞ்ச காலம் நம்பினான். பிறகு, கம்பெனியில் பல்லைக் காட்டாமல் இவனுக்கு அந்த ஓடு எப்படிக் கிடைத்தது என்று தோன்றியது. அவர்களும் போனார்கள்.

இங்கே வந்ததும் அவன் கண் முதலில் கூரையைத்தான் தேடியது. கூரையே இல்லை. இரண்டு கொட்டகைகள். சுவர் எழும்பியிருந்தது. கைமரமும் குறுக்கே ரீப்பரும் அடித்திருந்தது. அதற்கு மேலே வானம். இது என்ன வகை வேஷம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சுவருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் தலையில் கூடையோடு வந்தான். செங்கோடன் சங்கத்திலிருந்து தள்ளியவர்களில் ஒருவன். ராக்கியண்ணன்.

"வாங்க தலைவரே. இங்கயும் என்னத் தள்ளறதுக்கு வந்தீங்களா?"

செங்கோடன் சொம்பைக் கீழே வைத்தான்.

"இவன் இங்க என்ன பண்றான்?"

"ஓடு சொமக்கறாருங்க."

"போலீசுக்குச் சொன்னது இவன்தானா?"

"தெரியாதுங்க."

"கேக்கலியா?"

"கேக்கலீங்க."

"கேக்காம எப்படி உள்ள சேத்தீங்க?"

"உள்ளன்னு எங்கீங்க இருக்குது?" வேலாத்தாள் கொட்டகையைப் பார்த்தார். "இனிமேத்தான் கூர மேயோணும்."

மரத்துக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு நாட்டு ஓடு குவிந்து கிடந்தது. ஊரில் தார்சு கட்டியவர்கள் இறக்கிப் போட்டவை. பாசியும் அடுப்புக் கரியும் ஏறியிருந்தன.

"மேக்கால மேகம் கட்டுதுங்க. ஒரு கொட்டாய நீங்க மேயுங்க. இன்னொண்ண நாங்க மேயறோம். உங்க கொட்டாய் முடிஞ்சதும் அந்தப் பேரச் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முடிச்சுட்டுக் கேளுங்க."

சும்மா வேலை வாங்கும் தந்திரம் அவன் பார்க்காததா? முதலாளியிடம் பார்த்திருக்கிறான். சாமியாரிடமும் பார்த்திருக்கிறான். ஆனால் அவனுக்குப் பேர் வேண்டும். அடுத்த வாரம் வேலைநிறுத்தம். ஏழு பேரில் ஒருவன் வாயைத் திறந்தால் மிச்சமிருக்கும் சங்கமும் போய்விடும்.

"ஏழு பேரு வேலைக்குப் போகலைன்னா, காய்ச்சலாட்டம் இருக்குதுன்னு கம்பெனிக்காரன் நெனச்சுக்குவான், தலைவரே" என்றான் ராக்கியண்ணன்.

செங்கோடன் குவியலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தான்.

முதல் ஓட்டைத் தட்டினான். செத்த சத்தம். இடது பக்கம் எறிந்தான். இரண்டாவதும் அப்படியே. ஒன்பதாவது ஓடு கணீரென்றது. அதை வலது பக்கம் வைத்தான்.

சாயங்காலம் ராக்கியண்ணன் இடது பக்கக் குவியலருகே வந்து நின்றான்.

"தள்ளுனத நாங்க எடுத்துக்கலாமுங்களா?"

"எடுத்துக்க. உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும். ஒழுகறப்ப எங்கிட்ட வராதீங்க."

மறுநாள் அவன் தட்டிக்கொண்டே பக்கத்துக் கொட்டகையையும் கவனித்தான். வேலாத்தாள் முகட்டுக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினார். ஒரு வரிசை ஓடு வயிறு மேலே பார்க்க. இரண்டு வரிசைக்கு நடுவில் இன்னொரு வரிசை, முதுகு மேலே பார்க்க. கீறல் விட்ட ஓடு கைக்கு வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறலின் மேல் இன்னொன்றின் முதுகு விழும்படி வைத்தார்.

"இதெல்லாம் ஏமாத்து வேலைங்கம்மா" என்று செங்கோடன் கீழேயிருந்து கத்தினான். "கீறல மறைக்கிறீங்க."

"கீறல் எங்கன்னு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார் அவர். அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் செங்கோடனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் தட்டாத நேரத்தில் ராக்கியண்ணன் வலது பக்கக் குவியலில் எதையாவது கலந்திருந்தால்?

தேறிய ஓடுகளை மறுபடி தட்டினான். நேற்றுக் கணீரென்றது இன்று அப்படிக் கேட்கவில்லை. காதை ஒட்டி வைத்துத் தட்டினான். பாதிக்கு மேல் இடது பக்கம் போயின.

மிஞ்சியதைச் சுவர் மூலையில் ஏற்றி வேய்ந்தான். வேலை சுத்தமாக இருந்தது. ஓட்டுக்கு ஓடு நூல் பிடித்தது போல. கட்டில் அகலம் கூட வரவில்லை.

மத்தியானம் தூறல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த மலை தெரியவில்லை.

செங்கோடன் தன் ஓட்டுக்கடியில் ஓடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மேலே அண்ணாந்து பார்த்தான். ஒரு சொட்டு இறங்கவில்லை. விரல் பொய் சொல்லவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் வேலாத்தாளும் ராக்கியண்ணனும் இருந்தார்கள். விறகு பொறுக்கப் போன பெண்கள் மூன்று பேர் கட்டோடு வந்து ஒண்டியிருந்தார்கள். எவருடையதோ நாலு ஆடுகள். ராக்கியண்ணன் என்னவோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் என்று செங்கோடனுக்குத் தெரியும்.

அப்போது அவன் பார்த்தான். அவர்களுடைய வடக்கு மூலையில் நீர் சொட்டியது.

"ஒழுகுது!" அவன் குரல் மழையை மீறிப் போனது. மேடையில் மைக் இல்லாமல் பேசிய குரல். "வடக்கு மூல ஒழுகுது! நான் அப்பவே சொன்னனா இல்லியா?"

"ஆமாங்க. ஒண்ணு ஒழுகுது" என்றார் வேலாத்தாள். "ராக்கியண்ணன் சட்டி வெச்சுட்டாருங்க."

"எந்த ஓடுன்னு பாத்து எடுத்து எறிய வேண்டாமா?"

"மழ விடட்டுங்க."

காற்று திரும்பியது. சாரல் செங்கோடன் பக்கம் சாய்ந்தது. சட்டைப் பையில் அந்த ஏழு பேரின் பெயர்களை எழுதிய தாள் இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டான்.

"ஏனுங்கய்யா" என்று வேலாத்தாள் கூப்பிட்டார்.

"என்ன?"

"அந்த ஏழு பேரும் இப்ப வந்தா, அங்க எடமிருக்குங்களா?"

செங்கோடன் நனைந்துகொண்டிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

முழங்கால் வெளியே போயிற்று.