வாசலைப் பார்த்து அழுதவர்

“ஐயா, எனக்கு அழத் தெரியலை. சொல்லிக் கொடுங்க.”

கேட்டது யார் என்கிறீர்கள்? வைரக்கண்ணு. அழுவதற்கென்றே நூற்றெண்பது படங்களுக்குக் கூப்பிடப்பட்ட ஆள். மகனைப் பறிகொடுத்த தகப்பன், மகளைத் துரத்திவிட்டு ஏங்கும் மிராசுதார், கண் தெரியாத தாத்தா, எல்லாம் அவர்தான். கதாநாயகனாக ஒரு படத்தில்கூட நின்றதில்லை. பாதிப் படங்களில் இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப்போவார். ஆனால் அவர் அழுதால் கொட்டகையில் ஒரு முந்தானை காய்ந்திருக்காது. “வைரக்கண்ணு வந்தா கிளிசரின் பாட்டில் வேண்டாம்” என்று கோடம்பாக்கத்தில் ஒரு பேச்சே உண்டு.

சுப்பராயலு வாத்தியார் புதுக்கோட்டையில் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதில் பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் வந்து சேர்ந்த வைரக்கண்ணுவுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்தவர். இப்போது வாத்தியாருக்கு எண்பத்து நாலு. சிஷ்யருக்கு அறுபத்து மூன்று.

“ஏண்டா, என்னைக் கேலி பண்ணவா மெட்ராஸ்லேர்ந்து ரயிலேறி வந்தே?”

“கேலி இல்லைங்கய்யா. எம் மவன் போயிட்டான். நாலு மாசம் ஆச்சு.”

வாத்தியாருக்குச் செய்தி தெரியும். பேப்பரில் படமே வந்திருந்தது. பையனின் படம் இல்லை, வைரக்கண்ணு அழுகிற படம்.

“சொல்லு.”

“அன்னைக்கு நான் அழுதேன். வயிறு எரிஞ்சு அழுதேன். சத்தியமா நடிக்கலை. இன்னைக்கும் யாராவது துக்கம் கேக்க வந்தா அழறேன். ஆனா எஞ் சம்சாரம் தனபாக்கியம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை. சோத்தைப் போட்டுட்டு உள்ள போயிடறா. நான் அழறது பொய்யின்னு நெனைக்கிறா. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ. இப்படியே போனா அவளும் எனக்கு இல்லைய்யா. நெசமா எப்படி அழறதுன்னு நீங்கதான் காட்டணும்.”

“அன்னைக்கு எப்படி அழுதியோ, அப்படியே அழு.”

“இங்கயா?”

“இங்கதான்.”

வைரக்கண்ணு எழுந்தார். துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்தார். “என்னப் பெத்த ராசா” என்று ஆரம்பித்தார் பாருங்கள். அடடா, என்ன அழுகை! வாத்தியாரின் மருமகள் கையில் கரண்டியோடு வந்து நின்று கண்ணைத் துடைத்தாள். தெருவில் போன தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஐயோ பாவமே” என்றாள். அவர் அழுது முடிக்கும்போது ஜன்னலில் எட்டுத் தலை.

வாத்தியார் கண் கலங்கவில்லை.

“பையனை எங்க கிடத்தியிருந்தது?”

“கூடத்துலங்க.”

“நீ எங்க நின்னே?”

“கூடத்துலதான். வாசலைப் பாத்து.”

“பையன்?”

“எனக்குப் பின்னால.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

“ஜனங்க எல்லாம் வாசல்லதானே இருந்தாங்க…” குரல் இறங்கிவிட்டது. “ஐயா, எம் புள்ளைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா அழுதேன்?”

வாத்தியார் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

சபைக்கு முதுகு காட்டக் கூடாது. கம்பெனியில் அதுதான் முதல் பாடம். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழும்போதும் முகம் சபைக்குத்தான். ஒன்பது வயதுப் பையன் தெரியாமல் திரும்பி நின்றபோதெல்லாம் அந்தக் கைதான் பிரம்பை எடுத்தது. ஒரு தடவை விழுந்த அடியில் பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல். அதற்கப்புறம் அவன் எந்த மேடையிலும் திரும்பி நின்றதில்லை. சினிமாவுக்குப் போன பிறகு, காமிரா எங்கே இருந்தாலும் இவர் முகம் தானாக அங்கே போய்விடுகிறது என்று டைரக்டர்கள் மெச்சினார்கள்.

“நான் பாவிடா,” என்றார் வாத்தியார்.

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. அந்த அடிதான் எனக்குச் சோறு போட்டுச்சு.”

“சோறு போட்டுச்சு. வேற என்ன பண்ணுச்சுன்னு இப்பத்தானே தெரியுது.”

மருமகள் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. இருவரும் தொடவில்லை.

“அப்ப ஒண்ணு பண்றேங்கய்யா,” என்றார் வைரக்கண்ணு. “வீட்டுக்குப் போயி, பையன் படத்தைப் பாத்துத் திரும்பி நின்னு, அவ முன்னால மறுபடியும்…”

“மறுபடியுமா? இதென்ன இன்னொரு டேக்கா?” வாத்தியார் எரிந்து விழுந்தார். “அறிவு கெட்டவனே. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க?”

வைரக்கண்ணு மளமளவென்று சொன்னார். எந்த முதலாளி ரோஜா மாலையோடு வந்தார், எந்த நடிகை மயங்கி விழுந்தாள், எதிர்வீட்டு மாடியில் எத்தனை பேர், யார் அழுதார்கள், யார் அழுவதுபோல் பண்ணினார்கள், எதுவும் தப்பவில்லை.

“தனபாக்கியம் எப்படி அழுதா?”

வைரக்கண்ணு அன்றைக்கு இருந்த கூடத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தார்.

அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்றுகூடத் தெரியவில்லை.

“பாக்கலைங்கய்யா.”

“போ.”

அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணவும் இல்லை.

மறுநாள் காலையில் தனபாக்கியம்தான் வீட்டுக் கதவைத் திறந்தாள். அவர் பையை வாங்கி வைத்துவிட்டு, எப்போதும்போல உள்ளே போகப் பார்த்தாள்.

“தனம், கொஞ்சம் நில்லு.”

நின்றாள்.

“அன்னைக்கு நான் உன்னைப் பாக்கவே இல்லை. நீ எங்க இருந்தே, எப்படி அழுதே, ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

தனபாக்கியம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

“நான் இன்னும் அழலைங்க. நீங்க அழுது முடிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்.”