கீரனேரி அரசரின் வீங்கிய விரல்

கீரனேரி என்று ஒரு சிறிய சமஸ்தானம் இருந்தது. அரசர் பெயர் உலகாண்ட பூபதி. ஆண்டது என்னவோ ஏழு ஊர்கள்தான். ஆனாலும் பெயருக்குக் குறைவு வரக் கூடாது என்று எதையும் பெரிதாகவே செய்வார்.

ஒரு வருஷம் தேர்த்திருவிழாவுக்குப் புது மோதிரம் வேண்டும் என்றார். பொற்கொல்லர் நாகலிங்கப் பத்தர் ஒரு மாதம் உட்கார்ந்து சிவப்புக்கல் வைத்துச் செய்து கொடுத்தார். மோதிரம் விரலில் கச்சிதமாகப் பொருந்தியது. அதை ஊரே பார்க்க வேண்டும் என்று அரசருக்கு ஆசை. யானைமேல் உட்கார்ந்து, வலக்கையை அம்பாரிக்கு வெளியே தொங்கவிட்டபடி, காலை முதல் உச்சிவரை நாலு வீதியும் வந்தார். சித்திரை மாத வெயில் வேறு.

அரண்மனை திரும்பியபோது விரல் வீங்கியிருந்தது. மோதிரம் அசையவில்லை. விளக்கெண்ணெயைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். வலிதான் மிச்சம். வெட்டி எடுத்துவிடலாமே என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். அந்த வம்சத்தில் அரசர் இறந்த பிறகுதான் அவர் மோதிரத்தை வெட்டுவார்கள். அது நினைவுக்கு வந்ததும், சொன்னவர் பேசாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அரண்மனை வைத்தியர் சஞ்சீவிப் பண்டிதர் வந்தார். விரலுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, வழியை அடைத்தால் வீக்கம் வற்றிவிடும் என்று சொல்லி, மணிக்கட்டில் பட்டுத்துணியை இறுக்கிக் கட்டினார். சற்று நேரத்தில் கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பண்டிதர் அசரவில்லை. குற்றம் மோதிரத்தில்தான், பத்தர் அளவைக் குறைத்துவிட்டார் என்றார். பத்தரை வரவழைத்து, பொழுது சாய்வதற்குள் அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அரசர் கோபத்தில் சொல்லிவிட்டார். பத்தர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மகளுக்கு அது நிறைமாதம்.

சபையில் கட்டியம் கூறுபவர் செவ்வந்தியப்பர். அரசர் வரும்போது முன்னோர் பெயர்களைச் சொல்லி முழங்குவது அவர் வேலை. அவர் அரசரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்கு மேலே கை எப்போதும்போல் இருந்தது. கட்டுக்குக் கீழேதான் நீலக் குழாய்கள் கயிறுபோல் புடைத்து நின்றன.

“மகாராஜா, கைக்குப் போகும் ரத்தம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. திரும்பியும் வருகிறது. இந்தக் கட்டு...”

பண்டிதர் சிரித்தார். “கட்டியக்காரரே, அரச ரத்தம் புறங்காட்டித் திரும்பும் என்கிறீரா?”

அந்தப் பேச்சு அரசருக்குப் பிடித்துவிட்டது. “இனி வைத்தியம் என்று ஒரு வார்த்தை பேசினால், நீரும் பத்தரோடு எல்லை தாண்ட வேண்டியதுதான்” என்றார்.

செவ்வந்தியப்பர் கைகட்டி நின்றார். “பேசவில்லை, மகாராஜா. ஆனால் தீர்ப்பு இன்னும் முறைப்படி ஆகவில்லையே. நாடு கடத்துவதென்றால் வெறும் வலக்கையைத் தலைக்குமேல் உயர்த்தி, முன்னோர் சாட்சியாகச் சொல்ல வேண்டும். நான் பெயர்களைச் சொல்லி முடிக்கும்வரை கை இறங்கக் கூடாது. துணி கட்டிய கையால் சொன்னால் செல்லாது.”

வழக்கம் வழக்கம்தான். அரசர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தால் விரல் வெடித்துவிடும் என்றார் பண்டிதர். அரசருக்கு விரலைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. துணியை அவரே உருவி எறிந்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

செவ்வந்தியப்பர் தொடங்கினார். தினமும் மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பவர், அன்று ஒவ்வொரு பெயராக நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். புலியைக் குடையால் விரட்டியவர், ஒரே நாளில் ஏழு மாமனார் வீட்டிலும் விருந்துண்டவர் என்று ஆளுக்கொரு பெருமை வேறு. நடுவில் இருமினார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கை இறங்கினால் முன்னோருக்கு அவமானம்.

செவ்வந்தியப்பரின் கண் மட்டும் அந்த விரலைவிட்டு நகரவே இல்லை. கத்தரிக்காய் நிறம் மெல்ல வெளுத்தது. விரலில் சுருக்கம் தெரிந்தது. எண்ணெய் பூசிய மோதிரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. உடனே கட்டியத்தை முடித்துவிட்டார்.

“இப்போது குற்றத்தைச் சொல்லித் தீர்ப்பளிக்கலாம், மகாராஜா.”

“இந்த மோதிரம் சிறியதாக...” என்று தொடங்கி, அரசர் இடக்கையால் அதைத் தொட்டார். மோதிரம் கையோடு வந்துவிட்டது. பத்தர் எழுந்துகொண்டார்.

அரசர் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு, “சரி, இப்போது வைத்தியம் பேசும்” என்றார்.

“கோயிலில் ஜனங்கள் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறுகிறார்கள். மேற்கு வாசலை மட்டும் அடைத்தால் பிரகாரம் என்னவாகும்? நெஞ்சு தள்ளுகிற ரத்தம் ஆழத்தில் உள்ள குழாய் வழியாக விரல் நுனிவரை போகிறது. தோலுக்கடியில் தெரிகிற நீலக் குழாய் வழியாக நெஞ்சுக்கே திரும்புகிறது. துணி தோலுக்கடியில் இருந்ததை அடைத்தது, ஆழத்தில் இருந்ததை அடைக்கவில்லை. தொங்கிய கையில் தேங்கியது, தூக்கிய கையிலிருந்து இறங்கிவிட்டது.”

“ஆக, நம் ரத்தம் திரும்பி ஓடுகிறது.”

“ஓடவில்லை, மகாராஜா. வந்து, மறுபடியும் புறப்படுகிறது. நாள் முழுக்க வலம் வருகிறது.”

அது கௌரவமாகத்தான் இருக்கிறது என்று அரசர் ஒப்புக்கொண்டார். பத்தருக்குப் பட்டும், பேறுகாலச் செலவுக்கு ஒரு பசுவும் கொடுக்கச் சொன்னார். பண்டிதர் பட்டுத்துணியை மடித்துக்கொண்டு மெதுவாக நழுவினார்.

பிறகு அரசர் தோளைத் தேய்த்துக்கொண்டே செவ்வந்தியப்பரைக் கூப்பிட்டார்.

“எனக்கு முன்னே இந்த வம்சத்தில் ஆண்டவர்கள் பதினொரு பேர். நீர் இருபத்தேழு பேரைச் சொன்னீர். கை வலியில் எண்ணிக்கொண்டே இருந்தேன். மற்ற பதினாறு பேர் யார்?”

“விரல் வற்றும்வரை பிறந்தவர்கள், மகாராஜா.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

“இருக்கட்டும். சமயத்துக்கு உதவியவர்கள். யாரையும் நீக்க வேண்டாம்.”