'வேலையை மூடும்' என்று எழுதியவர்

அருளப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய குரு குணவதிக்கு முப்பத்திரண்டு. "குருவே" என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தார் மனுஷன். ஆறே மாதத்தில் அது நிஜமாகவே ஆகிவிட்டது. ஆபீஸில் நாங்கள் நாலு பேரும் ஒரே அறை என்பதால் அவர்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழும்.

கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் செய்கிறது. கட்டட வேலையில் எது முடிந்தது, எது பாக்கி, யார் பொறுப்பு என்று பார்த்துக்கொள்வது அது. போன வருஷம் அதில் ஒரு ஏஐ ஏஜென்ட்டைச் சேர்த்தோம். சொன்னால் போதும், அதுவே வேலைகளைச் சேர்க்கும், மாற்றும், முடிந்ததும் மூடும். ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் அது என்ன செய்யும் என்று ஒரு குறிப்பு. குறிப்பில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதை எழுதுகிறவர் அருளப்பன்; எழுதக் கற்றுக்கொடுப்பவர் குணவதி.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவருக்கு ஃபோன் வந்தது. பேசிவிட்டு வைத்தவருடைய முகத்தில் ரத்தமே இல்லை.

"குருவே, நம்ம சாஃப்ட்வேர் ஓடற சைட்ல ஒரு ஆள் விழுந்துட்டாராம். ரெண்டாம் மாடி பால்கனியில இருந்து."

விசாரித்ததில் தெரிந்தது இது. பெயின்ட் அடித்தவர்கள் பால்கனிக் கம்பி ஆடுவதைப் பார்த்திருக்கிறார்கள். பெயின்ட் வேலைக்குக் கீழேயே அதைத் துணை வேலையாகக் குறித்தும் வைத்திருக்கிறார்கள்: 'கம்பி வெல்டிங் பாக்கி.' பெயின்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் ஏஜென்ட்டிடம், அந்த வேலையை மூடிவிடு என்றார். அது மூடியது. கூடவே கம்பி வேலையும் மூடிக்கொண்டது. பட்டியலிலேயே இல்லாத வேலைக்கு எந்த வெல்டர் வருவார்? மாரப்பன் என்கிற கொத்தனார் அந்தக் கம்பியில் சாய்ந்திருக்கிறார்.

"அறிவுகெட்ட மெஷின்!" என்று கத்தினார் அருளப்பன். "கீழ ஒண்ணு பாக்கி கிடக்குதே, பார்க்க வேண்டாமா? நாம மூடப் போனா மஞ்சள் பெட்டி வந்து, இதையும் மூடவான்னு கேக்குமே!"

"மஞ்சள் பெட்டி எங்கீங்க வரும்?" என்றார் குணவதி.

"திரையில."

"அதுக்குத் திரை இருக்குதுங்களா?"

குணவதி புதிதாக ஏஜென்ட்டைத் திறந்து, மூடும் கருவியின் குறிப்பை மட்டும் அதற்குக் கொடுத்தார். அருளப்பன் எழுதியிருந்தது 'வேலையை மூடும்' என்று. அவ்வளவுதான்.

"நீங்களே கேளுங்க."

துணை வேலைகள் என்ன ஆகும் என்று அருளப்பன் தட்டினார்.

'குறிப்பில் அதைப் பற்றி எதுவும் இல்லை. எனக்குத் தெரியாது.'

"தெரியாதுன்னா அன்னைக்கே கேட்டிருக்கலாமில்ல?"

"கூடவே இன்னொண்ணும் மூடும்னு நாம சொல்லவே இல்லீங்களே. எதைன்னு கேக்கும்?"

"அட, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க!"

"எல்லாரும்னா யாருங்க?"

அருளப்பன் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் அது தெரியும்.

மத்தியானம் வரை உட்கார்ந்து அருளப்பன் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். எச்சரிக்கை, மறுபடி எச்சரிக்கை, நடுவில் எங்கள் சாஃப்ட்வேர் பிறந்த வரலாறு வேறு.

"இதுல நம்ம பயம் பூராவும் இருக்குதுங்க," என்றார் குணவதி. " மூடற நேரத்துல அதுக்கு என்னென்ன தெரியோணும்?"

அடித்து அடித்துக் கடைசியில் இவ்வளவு நின்றது: 'ஒரு வேலையை மூடும். அதன் கீழுள்ள துணை வேலைகள், முடியாதவையும் சேர்த்து, உடனே மூடப்படும்; பட்டியலில் தெரியாது. மூடும் முன் துணை வேலைகளைப் பார். முடியாதது ஒன்று இருந்தாலும் மூடாதே. எது பாக்கி என்று சொல்லி, மூடச் சொன்னவரிடம் கேள்.'

எழுத நாலு நிமிஷம் ஆகாது.

சாயங்காலம் அருளப்பன், குணவதி, நான் மூன்று பேரும் என் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரப்பனுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டு. அவர் சம்சாரம் ஸ்டூலை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டார். அருளப்பன் உட்காரவில்லை.

"என் தப்புங்க," என்றார்.

"நீங்களாங்க கம்பி வெச்சது?"

"இல்லீங்க. நான் ஒரு வரி எழுதினேன். அதுல சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டுட்டேன்."

மாரப்பனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"கம்பி ஆடுதுன்னு ஒரு வார்த்தை யாராச்சும் சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனுங்களே," என்றார். "இனிமே சாரம் ஏறக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. சாரம் ஏறாத கொத்தனாரை எவனுங்க கூப்பிடுவான்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே எங்களிடம் கேட்டார். அருளப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

வெளியே வந்து கார் அருகில் வெகுநேரம் நின்றோம். யாருக்கும் ஏறத் தோன்றவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா குருவே?" என்றார் அருளப்பன். "நான் எழுதற எல்லாக் குறிப்பும் உங்க பார்வைக்கு வந்துதானே போகுது?"

"ஆமாங்க."

"இதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம் எப்படிங்க விட்டீங்க?"

குணவதியின் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"படிச்ச உடனே எனக்குப் புரிஞ்சிருச்சுங்க. அதுல விட்டுப்போனது எனக்கு ஏற்கெனவே தெரியுமில்லீங்களா. அதான் விட்டுட்டேன்."