சருகு மிதிக்க ஏற்பாடு பண்ணுன ராஜா

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம். ம் கொட்டு அம்மணி. வெளக்க அணச்சாச்சு, அத்தையும் கண்ண மூடிக்கிட்டுத்தான் சொல்றன். நீ ம் கொட்டாட்டி எனக்குக் கதை வராது, கொறட்டைதான் வரும்.

"ம்."

ஆங், அப்படி. அந்த ராஜா பேரு ஏற்பாட்டு மகாராஜா. எதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணாம ஒரு எட்டு எடுத்து வெக்கமாட்டான். பல்லு வெளக்கறதுன்னாலும் மொதல்ல மந்திரி சபையக் கூட்டுவான். எந்தப் பக்கத்துப் பல்லுல ஆரம்பிக்கறதுன்னு பேசிப் பேசி, முடிவு பண்ணி, குச்சியக் கையில எடுக்கறதுக்குள்ள மத்தியானச் சோறு வெந்துரும். என்ன சிரிக்கற? நான் யாரையும் சொல்லல. பக்கத்து ரூம்புல ஃபோன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கற உன்ற அப்பன் கொழந்தவேலத்தான் சொல்றன்னு நீயா நெனச்சுக்கிட்டா, அதுக்கு நான் என்ன பண்றது?

அப்பறம், அந்த ராஜாவுக்கு ரெண்டு புள்ளைக. மூத்தவ சிட்டு, அஞ்சு வயசு, உன்ற வயசுதான். சின்னவன் குண்டன், மூணு வயசு, உன்ற தம்பியாட்டமே. அவனுக்குத் தெரிஞ்ச பேச்சு ஒண்ணே ஒண்ணுதான், "தூக்கு". நின்னா தூக்கு, நடந்தா தூக்கு, தூக்கி வெச்சிருந்தாலும் தூக்கு.

அரமனைக்குப் பின்னால பெரிய தேக்கங்காடு. மத்த மாசமெல்லாம் பச்சையா நிக்கும். மாசி பொறந்தா போதும், எலையெல்லாம் பழுத்து ஒண்ணொண்ணா எறங்கும். தேக்கெலை எத்தாத்தண்டி இருக்கும்? மொறத்தாத்தண்டி. டப்புனு விழும். டப்பு. டப்பு. அப்படியே காஞ்சு முறுக்கிக்கிட்டு, தரையே தெரியாமக் கெடக்கும். அது மேல ஒரு ஆட்டுக்குட்டி நடந்தாலும் ஆனை வர்றாப்பல சத்தம் கேக்கும். சரக்கு, சரக்கு, சரக்கு.

"ம்."

ஒரு நாள் காத்தால அந்தச் சத்தம் சிட்டு காதுல விழுந்துச்சு. நேரா ராஜாகிட்ட ஓடுனா. "அப்பா, நான் அந்தச் சருகு மேல நடக்கோணும். நீங்களும் வரோணும். கையப் புடிச்சுக்கோணும்."

ராஜா சொன்னான், "அதுக்கென்ன சாமி, போலாம். ஏற்பாடு பண்ணிட்டுப் போலாம்."

எங்கயோ கேட்டாப்பல இருக்குதா? இருக்கும் இருக்கும். நம்ம வாய்க்காலுக்கு அக்கட்ட தேக்கந்தோப்பு இருக்குது. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்குனா பத்து நிமிசம். அதுக்கு உன்ற அப்பன் வாங்கி வெச்சிருக்கற சாமானத்தப் பாரு. ரெண்டு தொப்பி, மூணு ஜோடி ஷூ, கொசுவுக்கு ஒரு மருந்து, முள்ளுக்கு ஒரு மருந்து, தொலஞ்சு போனா ஊதறதுக்கு ஒரு பீப்பி. பத்து நிமிசத் தோப்புல எங்கடா தொலையறது? மூணு ஞாயித்துக்கெழமை போச்சு. நாலாவதுக்கு அவன் இன்னும் வீடியோ பாத்துக்கிட்டு இருக்கறான், புள்ளைகளக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறது எப்படின்னு. கால்லதாண்டா கூட்டிட்டுப் போகோணும்! சரி, கத்தல. நீ படு.

அப்போ, அந்தச் சருகு எத்தன நாளைக்கு இருக்கும்? மாசி முடியற வரைக்கும்தான். பங்குனி பொறந்தா ஒரு கோடமழை அடிக்கும். சருகெல்லாம் நனைஞ்சு, சாக்குத்துணியாட்டம் தரையோட ஒட்டிக்கும். சத்தம் செத்துரும். அடுத்த மாசிக்குச் சிட்டு வளந்துருவா. அப்போ அவளுக்குக் கூட்டாளிக இருப்பாங்க, அப்பன் கையி வேண்டியிருக்காது. கையப் புடிச்சுக்கோணும்னு புள்ள கேக்கறது அந்த ஒரு வருசம்தான். அது அந்த மட்டி ராஜாவுக்குத் தெரியல.

"ம்."

அப்பறம் ராஜா மந்திரியக் கூப்புட்டான். "நாளைக்கு எளவரசி காட்டுல நடக்கறாங்க. ஏற்பாடு பண்ணு."

மந்திரி ராவோட ராவா முந்நூறு பேரக் கூப்புட்டான். முந்நூறு சீமாறு. சர்ரு, சர்ரு, சர்ருனு கூட்டித் தள்ளிட்டாங்க. பாதைக்கு ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. மரத்துக்கெல்லாம் இடுப்பளவுக்கு வெள்ளையும் காவியும் அடிச்சாங்க. ராஜா காலத்துல பிளீச்சிங் பவுடரு ஏதுன்னு கேக்காத. பெரிய மனுசன் வர்றான்னா எந்தக் காலத்துலயும் பிளீச்சிங் பவுடரு உண்டு.

விடிஞ்சுது. டமுக்கு டமுக்குனு மோளம் அடிச்சுக்கிட்டுப் போனாங்க. சிட்டு ஆசையா ஒரு கால எடுத்து வெச்சா. சத்தமே இல்ல. இன்னொரு காலு. அதுவும் இல்ல. "அப்பா, சருகு எங்க?"

மந்திரி நெஞ்ச நிமுத்திக்கிட்டு, "ஒரு எலைகூட இல்லீங்க மகாராஜா!"ன்னான். ராஜாவும், "பேஷ், சுத்தமா இருக்குது"ன்னான். சிட்டு மூஞ்சி வாடிப் போச்சு. குண்டன் மட்டும், "தூக்கு"ன்னான். ஒரு சேவகன் தூக்கிக்கிட்டான். திரும்பி வந்துட்டாங்க.

"ம்."

அன்னைக்கு ராத்திரி சிட்டு சோறு திங்கல. அப்போ ராஜாவுக்கு ஒறச்சுது. "யோவ் மந்திரி, புள்ளைக்கு எலை வேணுமாய்யா. எலை போடு." மந்திரி போட்டான். எப்படிப் போட்டான்? சருகுல தூசி இருக்கும், பூச்சி இருக்கும், எளவரசி காலுக்கு ஆகாதுன்னு, ஒவ்வொரு எலையா எடுத்து மஞ்சத்தண்ணியில முக்கிக் கழுவி, நாத்து நட்டாப்பல வரிசையா வெச்சுட்டான்.

ரெண்டாம் நாளு சிட்டு கால வெச்சா. பொதக்கு. இன்னொரு காலு, பொதக்கு. குண்டன் வழுக்கி விட்டு தொப்புனு உக்காந்துட்டான். ஒடனே வைத்தியன் ஓடியாறான், தாதி ஓடியாறா, விசிறி ஓடியாறுது. அன்னைக்கும் நடை போச்சு.

"ம்."

என்ன அம்மணி, ம் கரகரங்குது? சாயங்காலம் ஐஸ் தின்னயா? உங்கம்மாளுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் பேசுவா.

அப்பறம் ராஜாவுக்குக் கோவம் வந்துருச்சு. "எலையும் வேண்டாம், கிலையும் வேண்டாம். எம்புள்ளைக்கு அந்தச் சத்தம் கேக்கோணும். நாளைக்குச் சத்தம் வல்லீன்னா உன்ற தலை இருக்காது." மந்திரி பாத்தான். கழுவுன எலை காயல, கூட்டுன எலை குழியில கெடக்குது. என்ன பண்ணான் தெரியுமா? மரத்துக்கு ஒரு ஆளா ஒளிச்சு வெச்சுட்டான். எளவரசி கால வெக்க வெக்க, அவங்க வாயாலயே சத்தம் போடோணும்.

மூணாம் நாளு. சிட்டு ஒரு எட்டு வெச்சா. மரத்துக்குப் பின்னால இருந்து, சரக்கு. அவ மூஞ்சி மலந்து போச்சு. ரெண்டு எட்டு, சரக்கு சரக்கு. ராஜா மீசைய முறுக்கறான், பாத்தயா நம்ம ஏற்பாட்டன்னு. அப்போ சிட்டு சடார்னு நின்னுட்டா. அவ நின்னுட்டா, சத்தம் நிக்கல. சரக்கு சரக்கு சரக்குனு அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குது. நடுவுல ஒரு சரக்குக்கு இருமல் வேற வந்துருச்சு. லொக்கு, லொக்கு.

சிட்டு மரத்துக்குப் பின்னால போயி எட்டிப் பாத்தா. ஒரு பெரிய மனுசன், தலப்பாகையெல்லாம் கட்டிக்கிட்டு, தொண்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. "நீங்கதான் சருகா?"ன்னு கேட்டா.

"ஆமாங் தாயி. காத்தால இருந்து நாந்தானுங் சருகு."

"நெச சருகு எங்கீங்?"

அந்த ஆளு பாவம், மந்திரிக்குத் தெரியாம கைய மட்டும் நீட்டுனாரு. மேட்டுக்கு அக்கட்ட ஒரு குழி. கூட்டித் தள்ளுன சருகெல்லாம் அதுலதான், மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. கூட்டுனவங்க புள்ளைக அதுக்குள்ள குதிச்சுக் குதிச்சு விளையாடறாங்க. சரக்கு! மொறுக்கு! கலகலன்னு சிரிப்பு வேற.

சிட்டு எடுத்தா பாரு ஓட்டம். குண்டனும் சேவகன் இடுப்புல இருந்து வழுக்கி எறங்கி, குடுகுடுன்னு பின்னால ஓடுனான். "பாம்பு இருக்கும்! முள்ளு இருக்கும்! தூசி! தும்மலு!"ன்னு எல்லாரும் கத்தறாங்க. அதுக எங்க கேட்டுதுக? தொபுக்கடீர்னு விழுந்துதுக. கழுத்து வரைக்கும் சருகு. சிட்டு அங்கிருந்து ரெண்டு கையும் நீட்டிக்கிட்டுக் கூப்புட்டா. "அப்பா, வாங்கப்பா! ஓடி வாங்க!"

"ம்."

ராஜாவுக்கு ஆசைதான். மனசு பொங்குச்சு. கண்ணு கலங்கிப் போச்சு. கட்டைவெரலால செருப்பக் கழட்டப் போனான். அப்போ அந்த மந்திரி காதுகிட்ட வந்து, "மகாராஜா, குழிக்கு இன்னும் படி கட்டலீங்களே"ன்னான். ராஜா நின்னான். யோசன பண்ணான். "ஆமாமா"ன்னு தலைய ஆட்டிட்டு, "சிட்டு, அப்பா நாளைக்கு வாறன் சாமி. படி கட்டிட்டு வாறன்"ன்னான்.

சிட்டு நீட்டுன கைய மடக்கிக்கிட்டா. பக்கத்துல நின்ன ஒரு புள்ள, யாரோ ஒரு சீமாத்துக்காரன் மகளு, அந்தக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆட்டந்தான். குண்டன் அன்னைக்குப் பூரா ஒரு தடவகூடத் தூக்குன்னு சொல்லல.

அன்னைக்கு ராத்திரியே மானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. பளீர், படார், சோன்னு கோடமழை.

காத்தால படி தயாரு. பன்னெண்டு படி, ரெண்டு பக்கமும் கைப்புடி, மேல பந்தலு. ராஜா ஒவ்வொரு படியா எறங்கி, செருப்பக் கழட்டிட்டு, சருகு மேல கால வெச்சான். பொதக்கு. இன்னொரு காலும் வெச்சுப் பாத்தான். பொதக்கு. "சிட்டு, சிட்டு, அப்பா வந்துட்டன் பாரு"ன்னு கூப்புட்டான். அவ மேல நின்னு பாத்துட்டு, "அது நேத்துங்கப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அவ்வளவுதான். கோவமெல்லாம் படல. கோவப்பட்டிருந்தாலாவது சமாதானம் பண்ணியிருக்கலாம்.

அப்பறம் ஒவ்வொரு மாசியிலயும் அந்த ராஜா, கெழவனாகி, தன்னந்தனியா காட்டுக்குப் போவானாம். அவன் வர்றான்னு தெரிஞ்சு காட்டக் கூட்டி வெச்சிருவாங்க. அந்த மொட்டத் தரையில நின்னுக்கிட்டு, பக்கத்துல ஆளில்லாத கைய ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு, வாயாலயே சொல்லிப் பாப்பானாம். சரக்கு. சரக்கு. சரக்குனு.

"ம்."

ஏன் அம்மணி, அழுகறயா என்ன? ம் அப்படி வருது? அட, கதைக்கு யாராச்சும் அழுவாங்களா? இங்க திரும்பு, கண்ணத் தொடச்சு விடறன்...

அட இவளே. வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கறா. கையி ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். இது இப்பத் தூங்குன தூக்கமில்ல. முந்நூறு சீமாறு வந்தப்பவே தூங்கியிருப்பா போல.

அப்போ இத்தன நேரம் ம் கொட்டுனது யாரு?

டேய் கொழந்தவேலு. கதவுக்குப் பின்னால நிக்காத, தெரியுது. மூக்க உறிஞ்சாத, புள்ள முழிச்சுக்கும். மேக்கால மின்னுது பாரு, இன்னைக்கோ நாளைக்கோ அடிச்சுரும். காத்தால எந்திரிச்சதும் ரெண்டையும் கூட்டிக்கிட்டு வாய்க்காலத் தாண்டு. என்னது? தொப்பி எங்கயா? அடிங்க்! தொப்பிய நான் அடுப்புல போட்டுட்டன், போ. கை ரெண்டும் இருக்குதல்ல, ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு சின்னவனுக்கு. அதுக்கு மேல ஒரு சாமானமும் வேண்டாம்.

கேட்டவ தூங்கிட்டா, கதையும் தீந்துருச்சு. நீயும் போய்ப் படுத்துத் தூங்குடா, ராஜா.