கரடிக்கு வட்டம் இல்லையாம்!

மூங்கில் ஓடைக் காட்டில் மழை விட்டதும் புல்லெல்லாம் உண்ணி. ஒன்றன்பின் ஒன்றாக மிருகங்கள் காய்ச்சலில் படுத்தன.

காட்டு வைத்தியர் செம்பன் ஒரு கீரி. அவருக்கு ஓய்வே இல்லை. தோலில் சிவப்பு வட்டம் இருந்தால் உண்ணிக் காய்ச்சல். இல்லாவிட்டால் வெறும் மழைக் காய்ச்சல். அப்படித்தான் நோயாளிகளைப் பிரித்தார். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு வேர் உண்டு. பயங்கரக் கசப்பு என்பதால் தேனில் குழைத்துக் கொடுப்பார். வேரோ தீர்ந்துகொண்டே வந்தது.

தேன் வாசனை பிடித்த நரி சடையன், கள்ளிப்பழச் சாற்றால் வயிற்றில் ஒரு வட்டம் வரைந்துகொண்டு வந்தான்.

"ஐயோ வைத்தியரே! உடம்பு கொதிக்குது!"

செம்பன் வட்டத்தைப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை.

"உண்ணிக் காய்ச்சலேதான்! இங்கேயே படு!"

அடுத்து கரடி காத்தாயி தள்ளாடி வந்தாள்.

"முட்டியெல்லாம் வலிக்குதுங்க. நிக்கவே முடியல!"

"வட்டம் தெரியலையேம்மா. மழைக் காய்ச்சல்தான். குகைக்குப் போய்ப் படுங்க!"

சில நாளில் அவள் கணவன் அலறிக்கொண்டு வந்தான்.

"வைத்தியரே! அவ முகம் ஒரு பக்கமாக் கோணிடுச்சு!"

செம்பன் குகைக்கு ஓடினார். காத்தாயியின் அடர்ந்த கரிய முடியை விலக்கிப் பார்த்தார். அக்குளில் சிவப்பு வட்டம்! நடுவே கொழுத்த உண்ணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரியலைன்னு சொன்னேனே... நான் தேடவே இல்லையே!"

வேருக்காகத் திரும்பி ஓடினார். கடைசித் துண்டு சடையன் கையில். தேனை மட்டும் நக்கிக்கொண்டிருந்தான். செம்பன் அவன் மூக்கைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது. வயிற்றைத் துடைத்தார். சாயம் விரலில் வந்தது.

"காத்தாயி சாகக் கிடக்கிறாள்டா!"

நரியின் காது தொங்கிப்போனது. "தேனுக்காகத்தான் வந்தேன்..." என்று வேரை நீட்டினான்.

காத்தாயி பிழைத்தாள். முகம் மெல்ல மெல்ல நேரானது. முட்டி வலி மட்டும் போகவில்லை.

அவள் கண் திறந்த அன்றே செம்பன் கிளம்பிவிட்டார். மழைக் காய்ச்சல் என்று அனுப்பிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். "எந்தப் புல்லில் மேய்ந்தீங்க? எங்கெல்லாம் வலிக்குது?" என்று கேட்டார். முடியை விலக்கி விலக்கித் தேடினார்.

ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு கட்டுகிறவர், பொய்யை உள்ளே விட்டு உண்மையை வெளியே அனுப்பிவிடுவார்.