நோன்னாவின் கைத்துணி

எகிப்து தேசத்தில், நைல் நதியின் பச்சை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், பன்னிரண்டு பெண்கள் மண்சுவர் அறைகள் கட்டிக்கொண்டு தவம் இருந்தார்கள். கிறிஸ்துவுக்காகக் கல்யாணம் வேண்டாம், வீடு வேண்டாம், ஊர் வேண்டாம் என்று வந்தவர்கள். தலைவி ஹெராயிஸ் அம்மா. வயது முப்பத்தெட்டுதான், ஆனால் ஏழு வயதிலேயே வந்துவிட்டவள்.

நோன்னாவுக்கு நாற்பத்தாறு. வந்து நாலாவது வருஷம். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அலெக்சாந்திரியாவின் பொதுக் குளியல்கூடத்தில், பெண்கள் பக்கத்தில், முதுகு தேய்க்கிற வேலை. சீமாட்டி, வேலைக்காரி, கல்யாணப் பெண், பிள்ளை பெற்றவள் என்று அவள் கை படாத முதுகு அந்த நகரத்தில் குறைவு. பட்டையும் முத்தையும் கழற்றி வைத்த பிறகு எல்லாம் ஒரே தோல்தான். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டாள்.

வந்தவள் சும்மா வரவில்லை. இனி எந்த உடம்பையும் தொடுவதில்லை, தன்னுடையதையும் சேர்த்துத்தான் என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டாள். அந்தத் துணியோடுதான் ரொட்டி தின்றாள், சிலுவை அடையாளம் போட்டாள், ஈச்ச ஓலையில் கயிறு திரித்தாள். கயிறு தொளதொளவென்று வந்தது. அந்தக் கயிறு அறுந்து ஒருமுறை வாளியே கிணற்றோடு போனது. யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய விரதம் இருக்கிறவளிடம் வாளியைப் பற்றியா கேட்பது?

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தியின் கற்பு விரதத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெந்தெகொஸ்தே திருநாளில் தலைவி அவள் இடுப்பில் தோலால் ஆன வார்க்கச்சை கட்டுவாள். கட்டும்வரை அவள் விருந்தாளி. நாலாவது பெந்தெகொஸ்தேயிலும் கச்சை கிடைக்காதவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒவ்வொரு வருஷமும் ஹெராயிஸ் அம்மா கேட்பது ஒரே கேள்வி.

முதல் வருஷம், "உன் உடம்பு எங்கே, நோன்னா?" என்று கேட்டாள்.

"அலெக்சாந்திரியாவிலேயே விட்டுட்டு வந்துட்டேன், அம்மா."

"இன்னும் இல்லை" என்றாள் அம்மா. கச்சை ஆணியிலேயே தொங்கியது.

இரண்டாம் வருஷம், "சங்கிலி போட்டு வச்சிருக்கேன், அம்மா" என்றாள் நோன்னா.

"இன்னும் இல்லை."

மூன்றாம் வருஷம், "செத்துப்போச்சு, அம்மா."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா? அப்போ பேசறது யாரு?"

இந்த நாலாவது வருஷத்துக்கு நோன்னா ஒரு பதிலைப் பன்னிரண்டு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள். 'ஆவியில் கரைந்துபோயிற்று, அம்மா.' கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் திருநாளுக்கு முந்தின நாள், வாசல் காக்கும் லியோந்தியாவிடம் மெல்லக் கேட்டாள்.

"உன்கிட்ட கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

"எனக்கா? அன்னிக்கு எனக்குப் பல்வலி, அக்கா. 'பல்லுல இருக்கு, அம்மா'ன்னேன். கட்டி விட்டுட்டாங்க."

"பல்லா?"

"கடைவாய்ப் பல்லு. இதோ, இப்பவும் ஓட்டையாத்தான் இருக்கு. பாக்கறீங்களா?"

நோன்னா பார்க்கவில்லை. பல்வலிக்கும் கற்புக்கும் என்ன சம்பந்தம்? கயிறு திரிக்கும்போது யோசித்தாள், ஜெபத்தில் சங்கீதம் பாடும்போது யோசித்தாள். பிடிபடவில்லை.

மறுநாள் விடிந்தது, பெந்தெகொஸ்தே. விடிந்ததும் ஒரு கூத்து.

தெர்மூத்தி என்று ஒரு கிழவி. எண்பத்துநாலு வயது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அறுபது வருஷம் உடம்பில் தண்ணீர் படவிட்டதில்லை. தூர ஊர்களிலிருந்து யாத்திரை வருகிறவர்களுக்கு லியோந்தியா முதலில் காட்டுவதே அவளைத்தான். இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. அந்தத் தெர்மூத்தி அன்று காலையில் கண்ணைத் திறந்து, "என்னைக் குளிப்பாட்டுங்க" என்றாள்.

லியோந்தியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பெரியம்மா! இனிமே வர்றவங்களுக்கு நான் யாரைக் காட்டுவேன்?"

"உன் பல்லைக் காட்டு" என்றாள் கிழவி.

இது சாத்தானின் சோதனை என்றாள் ஒருத்தி. ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்றாள் இன்னொருத்தி. ஹெராயிஸ் அம்மா அன்றைக்குக் குடிக்கக் கொண்டுவந்திருந்த இரண்டு குடத்தையும் எடுத்து அடுப்பருகே வைத்தாள்.

"நோன்னா, தண்ணியைச் சுடவை. பெரியம்மாவைக் கழுவு."

நோன்னா ஓரடி பின்வாங்கினாள். வருஷம் முழுக்க விட்டுவிட்டு இன்றைக்கா? தொட்டால் சபதம் போச்சு, தொடாவிட்டால் கீழ்ப்படிதல் போச்சு. எப்படிப் பார்த்தாலும் கச்சை போச்சு.

"அம்மா, என் சபதம்..."

"யார்கிட்ட பண்ணினே?"

"கடவுள்கிட்ட."

"அவர் வாங்கிக்கிட்டாரா?"

நோன்னா துணி சுற்றிய கைகளைப் பார்த்தாள். "தொடாம இருக்கறதுதானே அம்மா கற்பு?"

"வாசல்ல கிடக்கிற கல்லும் யாரையும் தொடறதில்லை. அதுக்குக் கச்சை கட்டவா?" என்று கேட்டுவிட்டு அம்மா ஜெபத்துக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் காய்ந்தது. துணி சுற்றிய விரலுக்குச் சூடு தெரியவில்லை. நோன்னா கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமலே முழங்கை மடங்கிக் குடத்துக்குள் போயிற்று. சூடு கொஞ்சம் அதிகம். வயசானவள் தோலுக்கு ஆகாது. பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினாள். விளாவிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

கிழவியின் அறைக்குள் போய் உட்கார்ந்து கைத்துணியைப் பிரித்தாள். உள்ளே விரல்கள் வெளுத்துப்போய், ஊறின பயறு மாதிரி இருந்தன.

காலில் தொடங்கினாள். தலையில் ஊற்றினால் படுத்திருப்பவர்கள் பயந்துபோவார்கள். குளியல்கூடத்தில் அதுதான் முதல் பாடம். ஆட்டுமயிர்ச் சட்டையை முதுகிலிருந்து மெல்லப் பிரித்தபோது அடியில் தோல் இரண்டு இடத்தில் புண்ணாகி இருந்தது. நோன்னா பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சுற்றித் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், அங்கேதான்" என்றாள் தெர்மூத்தி. அறுபது வருஷத் தவசி, பூனைக்குட்டி மாதிரி முனகினாள்.

"ஏன் பெரியம்மா, இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்கு?"

"அரிக்குதுடி."

"இதுக்கு முன்னாடி அரிக்கலையா?"

"அரிக்காம?"

"அப்போ கேட்டிருக்கலாமே."

"எப்படிக் கேக்கறது? எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்களே." கிழவிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி முடிந்தது.

நோன்னா முழங்காலுக்கு வந்தாள். இரண்டிலும் ஒட்டகத்துக்கு இருப்பது போல் தோல் காய்த்துக் கட்டியாகி இருந்தது. சீமாட்டிகளின் குதிகாலைத் தேய்ப்பது போல் அதையும் ஒரு கல்லை எடுத்துத் தேய்க்கப் போனாள்.

கிழவி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "அதை விட்டுடு."

"வலிக்குதா?"

"இல்லடி. ஜெபம் பண்ணினது அதுங்கதான். மனசு பாதி நாள் அலெக்சாந்திரியா மீன் சந்தையில இல்ல சுத்திக்கிட்டிருந்துச்சு? அதுங்க ஒரு நாளும் எழுந்து போனதில்லை."

நோன்னா கல்லைக் கீழே வைத்தாள். அந்த இரண்டு முழங்காலையும் வெறும் உள்ளங்கையால், தண்ணீர் விட்டு, மெதுவாகத் தடவிக் கழுவினாள்.

துவட்ட வேறு துணி இல்லை. அவிழ்த்துப் போட்ட கைத்துணிகளையே எடுத்து, கால்விரல் இடுக்குவரை ஒற்றியெடுத்தாள். அதற்குள் கிழவி குறட்டை விட ஆரம்பித்திருந்தாள். அப்படி ஒரு தூக்கம் அந்த முகத்தில் நோன்னா பார்த்ததே இல்லை.

வெளியே வந்தபோது மதிய ஜெபம் முடிந்து எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். ஹெராயிஸ் அம்மா கையில் வார்க்கச்சை. நோன்னா நேராகத் தன் அறைக்குப் போய், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்பறேன், அம்மா. சபதம் உடைஞ்சுபோச்சு."

"இரு. வருஷா வருஷம் கேக்கறதைக் கேட்டுடறேன். உன் உடம்பு எங்கே, நோன்னா?"

நோன்னா வாயைத் திறந்தாள். பளபளப்பாகத் தேய்த்து வைத்த பதில் எங்கேயோ போய்விட்டிருந்தது. தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

"இடுப்புலதான் இருக்கு போல, அம்மா. குனிஞ்சு குனிஞ்சு பிடிச்சுக்கிச்சு. பழக்கம் விட்டுப்போச்சில்ல? விரல் வேற எரியுது." கொஞ்சம் தயங்கினாள். "பசிக்குது."

லியோந்தியா களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுப்புல பயற்றங்கஞ்சி இருக்கு. போய்க் குடி" என்றாள் அம்மா.

நோன்னா நகரவில்லை. அவள் கண் அம்மாவின் கையில் இருந்தது. "அப்போ... கச்சை?"

"குடிச்சிட்டு வா. அது நிக்கறதுக்கு ஒரு இடுப்பு வேணுமே."